லோகேஸ்வரி வேலையை விட்ட விவரம்

அன்புத் தங்கை வீரம்மாவுக்கு, கிள்ளானிலிருந்து அண்ணன் கமலநாதன் எழுதுவது. கேரி தீவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கு நானும் என் மகள், உன் மருமகள் லோகேஸ்வரியும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் நலமாக இல்லை.

தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்தது உனக்குத் தெரியும். மூணு மாசமா கறியைத் தொடறதில்லை, குக்கர் விசிலடிச்சாலே திடுக்கிடுறா. சரி, யாரையோ விரும்புறா, பையன் சைவம் போலன்னு நானே முடிவு பண்ணி, எனக்குச் சம்மதம்மான்னு சொல்லிட்டேன். ஒரு மாதிரி பார்த்துட்டு ரூமுக்குப் போயிட்டா. அப்புறம், டிவி போட்டாலே கண்ணை மூடிக்கிறாளேன்னு, கண்ணுல கோளாறுன்னு நினைச்சுக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துட்டுப் போனேன். "கண்ணு நல்லா இருக்குலா அங்கிள்"னான் கடைக்காரன்.

போன செவ்வாய்க்கிழமை நம்ம வீட்டுப்பக்க சிக்னல்ல ஒரு லோரி மோட்டார் சைக்கிள்காரனை அடிச்சிருச்சு. எல்லாரும் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினாங்க, நானும் தூக்கினேன். ஜாக்கிரதையா ஓட்டுங்கன்னு எழுதி ஃபேஸ்புக்ல போட்டேன், நல்ல எண்ணத்துலதான். மறுநாள் சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்த லோகேஸ்வரி செருப்பைக்கூடக் கழட்டாம என் எதிர்ல உட்கார்ந்தா.

"அப்பா, பின்னாடி ஐயோ பாவம் ஐயோ பாவம்னு கேக்குறது உங்க குரல்தானே?"

அப்பத்தான் வீரம்மா, அவ வேலையே எனக்குப் புரிஞ்சுது. ஜனங்க போடுற கண்றாவி வீடியோவையெல்லாம் பார்த்துப் பார்த்து அழிக்கிறதுதான் வேலையாம். தமிழ்ல வர்றதெல்லாம் இவங்க மேசைக்கு. ஒரு நாளைக்கு எழுநூறு. என்னோடதையும் ரூல்படி கடைசி வரைக்கும் பார்த்திருக்கா. அந்த ஆளுக்கு என்னாச்சுப்பான்னு கேட்டா. எனக்குத் தெரியலை. நான் லைக் எத்தனைன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

விடிஞ்சதும் ஒரு டின் மைலோ வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தப்பான வார்டுல ஒரு பாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டு, அவங்களும் மன்னிச்சு, அப்புறம்தான் ஆளைக் கண்டுபிடிச்சேன். சிவநேசன்னு பேரு. கால் ரெண்டும் உடைஞ்சிருக்கு, உயிருக்கு ஒண்ணுமில்லை. வந்து சொன்னேன். லோகேஸ்வரி ரொம்ப நேரம் அழுதா.

"இத்தனை மாசமா பார்த்ததுல ஒருத்தர் பிழைச்சார்னு இன்னைக்குத்தான்பா கேள்விப்படுறேன்."

வேலையை விடும்மான்னு கையைப் பிடிச்சுக் கேட்டேன். சரின்னுட்டா. ஞாயிற்றுக்கிழமை உன்கிட்ட கொண்டாந்து விடறேன். ஒரு மாசம் இருக்கட்டும், டிவி போடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் முட்டிக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே.

உன் அண்ணன்,
கமலநாதன்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள லோகேஸ்வரி ஆபீஸ்லேருந்து வந்துட்டா. வேலையை விடலையாம். பக்கத்து நாற்காலியில புனிதான்னு சாலாக் செலாத்தான் ஊர்ப் பொண்ணு, சேர்ந்து ரெண்டு வாரந்தான் ஆச்சாம், பாத்ரூம்ல போய் அழுவுதாம். நான் வேலையை விட்டுட்டா என் பங்கும் அவ தலையிலதான்பா விழும்ங்கிறா. திட்ட வாய் வரலை. அதனால ஞாயிற்றுக்கிழமை யாரும் வரலை. நாளையிலேருந்து தினம் சாயந்திரம் நான் ரயிலேறிப் போய் ரெண்டு பேரையும் சாப்பிடக் கூட்டிட்டுப் போறதா இருக்கேன். அவங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கிறேன்.