பீரங்கிக்காரன் காதுக்கு ஒரு நற்சான்றிதழ்

அன்புள்ள மைத்துனனுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, என் ரத்த அழுத்தம் யாவரும் சௌக்கியம். அங்கே நீயும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும்.

நிற்க. பதினெட்டு வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு காதையும் தொலைத்தவன் நான். அதற்காகப் போட்ட ஊன ஓய்வூதிய மனு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்துவிட்டதடா! 'மருத்துவப் பரிசோதனை போதுமானதாக இல்லை'யாம். பரிசோதித்தது அவர்கள் டாக்டர், அடி வாங்குவது என் மனு! முதல் டாக்டர் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. 'எல்லாக் கேள்விக்கும் உடனுக்குடன் பதில் வந்தது. செவித்திறன் பிரமாதம்.' வந்தது வாஸ்தவம்தான், சொன்னது உன் அக்கா! அந்த மனுஷன் கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. "எப்ப இருந்து கேக்கல?" "பன்னண்டு வருஷமா சார்." "தூக்கம் வருதா?" "குறட்டை விட்டே என்னைக் கொல்றாரு சார்." வீட்டுக்கு வந்து அவள் என் காதருகே கத்திச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். இரண்டாம் தடவை அவளை வெளியே உட்கார வைத்தேன். காது பார்க்கும் கருவி ரிப்பேராம். டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தார். எதிரே கண்ணாடி பீரோ, அதில் அவர் உதடு அசைந்தது. மேலதிகாரி வாய் அசைந்தால் "எஸ் சார்!" என்பது பட்டாளத்துப் பழக்கமாயிற்றே, சொல்லித் தொலைத்தேன். "கேக்குதா?" என்றுதான் கேட்டாராம்!

போன வாரம் பின்னால் வந்த லாரியின் ஹாரன் எனக்குக் கேட்கவில்லை. காய்கறிக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கடிதமே இல்லை. உன் அக்கா அன்று முழுக்க அழுதாள். அதனால் மூன்றாம் பரிசோதனைக்கு நீ அவசியம் வர வேண்டும். "மெஷின் இல்லாம ஒரு வரி எழுதாதீங்க"ன்னு நீதான்டா சத்தம் போடணும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் போனில் பேசும்போது நான் சிரிப்பது கேட்டுச் சிரிப்பதல்ல என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: நீ வர வேண்டாம்! எழுதி முடித்து நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே, மனுவை நேரில் விசாரிக்க வந்த ஓய்வூதிய அலுவலக ஆய்வாளர் நிற்கிறார். யாரென்று தெரியாமல் நான் விழிக்க, கடைக்குப் போயிருந்த உன் அக்கா வந்துதான் உள்ளே அழைத்தாள். "இருபது நிமிஷமா பெல் அடிக்கிறேன், கத்துறேன், மனுஷன் பேனாவை விட்டுத் தலையைத் தூக்கலையேம்மா!" என்றாராம். கண்ணால் கண்டதை மூன்று பக்கம் எழுதி, மனுவை ஏற்கலாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். கடைசியில், உன் அக்கா காபிக்குச் சர்க்கரை போடும்போது, "நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "அரை ஸ்பூன் போதும்" என்றேனாம். அதையும் எழுதிக்கொண்டார்.