முதல் வகுப்பில் தேறிய வாத்து

ஒரு காட்டில், குளத்தோரப் புதரில் குமுதவல்லி என்றொரு வாத்து வாழ்ந்தாள். போன வருஷம் இட்ட முட்டைகளை எவனோ திருடிப் போனதால், இந்த வருஷம் காவலுக்குப் பட்டாணி என்ற நாய்க்குட்டியை வளர்த்தாள். பட்டாணி யாரைக் கண்டாலும் குரைத்தது. 'வா' என்றால் எட்ட ஓடியது. தபால் கொண்டுவந்த கொக்கின் காலைக் கவ்வியது. அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். குமுதவல்லிக்கு மானமே போயிற்று.

அந்தச் சமயம் பார்த்து வரதப்பன் என்ற நரியார் நாய்களுக்குக் கீழ்ப்படிதல் பயிற்சிப் பள்ளி திறந்தார். குமுதவல்லி வரிசையில் நின்று நாலு பக்க விண்ணப்பம் நிரப்பினாள். 'வீட்டில் முட்டைகள் எத்தனை? எங்கே இருக்கின்றன?' என்றுகூட ஒரு கேள்வி. என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோய், 'ஐந்து' என்று எழுதி வரைபடமே போட்டுக் கொடுத்தாள்.

"உட்கார்!" என்றார் நரியார் முதல் நாள். பட்டாணி அவர் வாலைப் பிடித்து இழுத்தது. குமுதவல்லி பயந்துபோய் உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா? கோளாறு குட்டிகிட்ட இல்லைம்மா. உங்ககிட்ட."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு மாஸ்டர்."

பள்ளியின் நாய் வளர்ப்போர் ஆறுதல் கூட்டத்தில் அவளைச் சேர்த்தார்கள். அங்கே ஒரு கரடியும் முள்ளம்பன்றியும் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தன. இரண்டு வாரம் போயிற்று. பட்டாணி தேறவில்லை. குமுதவல்லி முதல் வகுப்பில் தேறினாள். சான்றிதழைக் கூட்டுக்கு மேலே மாட்டினாள்.

மறுநாள் காலை நரியார் வீட்டுக்கே வந்தார்.

"உட்கார். அசையக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது."

உட்கார்ந்தாள். நரியார் கூட்டுக்குள் தலையை விட்டு ஒரு முட்டையைக் கவ்வினார். அவளுக்குக் கத்தத் தோன்றியது. ஆனால் வாய் திறக்க உத்தரவு வரவில்லையே!

ஒன்றையும் கற்றுக்கொள்ளாத பட்டாணி பாய்ந்து அவர் பின்னங்காலைக் கடித்தது. நரியார் முட்டையைப் போட்டுவிட்டு ஊளையிட்டபடி ஓடினார். ஐந்து முட்டையும் பிழைத்தன.

சாயங்காலமே ஆறுதல் கூட்டம் அவசரமாகக் கூடியது.

"குருவையே கடிச்சிருக்கே!" என்று கரடி நடுங்கியது.

"அவர் எதுக்கு முட்டையை எடுத்தார்?" என்றது முள்ளம்பன்றி.

"அது பரீட்சைங்க. நான் கடைசிவரை வாயே திறக்கலை," என்றாள் குமுதவல்லி பெருமையாக.

சந்தேகப்பட்ட குற்றத்துக்காக முள்ளம்பன்றியைக் கூட்டத்திலிருந்து நீக்கினார்கள். குமுதவல்லி பட்டாணிக்கு வாய்ப்பூட்டு மாட்டினாள். பிறகு ஒரு முட்டையை இலையில் பொதிந்துகொண்டு நரியார் வீட்டுக்கு நடந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர். வேகவெச்சுச் சாப்பிடுங்க, காயம் சீக்கிரம் ஆறும்."

நீதி: திருட நினைப்பவர் நாய்க்குப் பயப்பட வேண்டாம், நாயின் சொந்தக்காரருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும், முட்டையே வீடு தேடி வரும்.