மாடியேறினால் இறக்கும் சர்வர்

நெபோய்ஷா மாடியேறி வந்து விசைப்பலகையைத் தொட்டபோது, சர்வர் மறுபடியும் இறந்திருந்தது.

தானூப் நதிக்கரை நகராட்சியின் கணினிகள் தளப்பெயர்களுக்குரிய எண்முகவரிகளைக் கேட்டறிய வேண்டும். அதற்காக லினக்ஸில் இலவச டிஎன்எஸ் மென்பொருள் ஒன்றை அவன் நிறுவியிருந்தான். சர்வர் கீழ்த்தள ஆவண அறையில்; அதன் ஒயர் ஜன்னல் வழியே வெளியேறி மாடிக்குப் போனது. அவன் மேசை மாடியில்.

"மதியத்துக்குள்ள ஓடலைன்னா வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன்" என்றிருந்தார் நகராட்சித் தலைவர் ட்ரகுட்டின். "அப்புறம் உனக்கு இங்க என்ன வேலைன்னு நீயே யோசிச்சுக்க."

கீழே இறங்கி, திறந்திருந்த ஜன்னலருகே சிகரெட் பற்றவைத்து, அமைப்புக் கோப்பை வாசித்தான். ஒரு பெயரின் இறுதியில் புள்ளி விடுபட்டிருந்தது. வெட்கத்தோடு புள்ளியை இட்டான். சர்வர் பதிலளித்தது.

ஆவண அறை எழுத்தர் ஸ்தமென்கா காப்பியை நீட்டினார்.

"ஓடுதா தம்பி?"

"ஓடுது அக்கா."

"அப்புறம் ஏன் முகம் எழவு வீடு மாதிரி இருக்கு?"

"மேல போனா நின்னுடும்."

மேலே போனான். நின்றிருந்தது.

ஆகவே பிழை ஃபயர்வால் என்ற பாதுகாப்பு அரணில்தான் என்று முறைப்படி முடிவுசெய்து, கீழே வந்து அதைத் தளர்த்தினான், ஓடியது. மேலே போனான், நின்றது. அடுத்த முறை அரணையே நீக்கினான். இணையத்திலிருந்து முன்பின் அறியாத அந்நியர்கள் சர்வரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினர். அவர்களுக்கும், அவன் அங்கிருந்தவரை, உடனுக்குடன் பதில் கிடைத்தது.

இறுதியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினான். பெயர்க்கோப்புக்குப் பிரதி எடுக்கவில்லை என்பது அழித்த பிறகே நினைவுக்கு வந்தது. நினைவிலிருந்து எழுதியதில் வரிப்பிரிவு அச்சுப்பொறியின் பெயர் விடுபட்டது.

"எவன்யா எங்க பிரிண்டரை முழுங்கினது?" என்றது மாடியில் ஒரு குரல்.

நெபோய்ஷா நேரே தலைவரின் அறைக்குச் சென்றான்.

"முடியலை, தலைவரே. மென்பொருள் சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்லை."

"இதை நான் எப்பவோ சொன்னேன்" என்றவர், அவன் எதிரிலேயே தொலைபேசியில் வெளி நிறுவனத்தின் ஒப்பந்தத்தை உறுதிசெய்தார்.

சர்வரை அணைப்பதற்காகக் கடைசி முறை கீழே வந்தான். அது எந்தக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

"என் கண்ணு முன்னாடி மட்டும் நல்லா நடிக்குது, அக்கா."

ஸ்தமென்கா சால்வையைக் கழுத்தில் இறுக்கிக்கொண்டார்.

"அது என்ன பண்ணும் பாவம்? ஒயர் குறுக்க இருந்தா ஜன்னல் சாத்த வரலை தம்பி. நீ வர்ற சத்தம் கேட்டா, சிகரெட் பிடிப்பியேன்னு ஜன்னலைத் திறந்து ஒயரைச் சொருகிடுவேன், நீ மாடிப்படி ஏறினதும் பிடுங்கிட்டுச் சாத்திடுவேன் — குறுக்குக் காத்து பிடரியில அடிச்சா மனுசி பிழைப்பாளா?"