பிளம்பரைக் கூப்பிடாதவர்

வீட்டுக்காரர்களில் பிளம்பரைக் கூப்பிடுகிறவர், கூப்பிடாதவர் என்று இரண்டு ரகம். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது. இரண்டாவது ரகத்தில் ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவர்கள் சமையலறை ஜன்னலுக்கும் எங்களுடையதற்கும் ஆறடி இடைவெளி. கீழே வரும் மணிக்கணக்கெல்லாம் எங்கள் சமையலறைக் கடிகாரம் பார்த்துச் சொல்வது.

அடைத்துக்கொண்ட சிங்க்கைக் கண்டால் நீங்களும் நானும் முகம் சுளிப்போம். கூப்பிடாதவர் முகம் மலரும். சட்டைக் கையை மடித்து, ஸ்பானர் பெட்டியை இழுத்து, வேண்டிய ஸ்பானர் மட்டும் அதில் இல்லையென்று கண்டு, கடைசியாக எடுத்தது யார் என்று வீட்டையே விசாரித்து, எடுத்தது தாமே என்று ஞாபகம் வந்ததும் விசாரணையைக் கைவிட்டு, டார்ச் பிடிக்க மனைவியை அழைப்பார். டார்ச்சை எங்கே பிடித்தாலும் தப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளின் அக்கா, நாலு வருஷ மனஸ்தாபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, குடும்பத்தோடு ஒரு மணிக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. ஒன்பது இருபதுக்கு சிங்க் அடைத்துக்கொண்டது.

"என்னங்க, பிளம்பருக்கு ஒரு போன் போட்டுடலாமே? அக்கா வர்ற நேரம்."

"அஞ்சு நிமிஷ வேலைக்கு அவன் எதுக்கு?"

அந்த ஐந்து நிமிஷம் பதினொன்றே முக்காலுக்கும் முடியவில்லை. வெந்நீர் ஊற்றியாயிற்று. சோடா மாவு போட்டாயிற்று. கம்பி விட்டாயிற்று, விட்ட கம்பி திரும்பவில்லை. கடைசியில் அடியில் ஊர்ந்துபோய், வாளி வைத்து, வளைந்த பைப்பைக் கழற்றினார். கறுப்பாக முக்கால் வாளி இறங்கியது. வெற்றிப் பெருமிதத்தோடு எழுந்தார். வாளியைத் தூக்கி அதே சிங்க்கில் கவிழ்த்தார்.

பைப் எங்கே? தரையில்.

தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு கூடம்வரை போயிற்று. அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"குளிச்சிட்டு, ஐஸ்கிரீம் வாங்கிட்டு வாங்க. மெதுவா வந்தாப் போதும்."

அவர் தெருமுனை திரும்பியதும் போன்: "பெரியம்மா, உடனே வாங்க!"

பெரியம்மா பன்னிரண்டு இருபதுக்கு வந்தார். பெரிய மீசை, கையில் கருவிப் பை. பதினான்கு நிமிஷத்தில் கம்பியோடு அடைப்பையும் எடுத்துவிட்டுப் போனார்.

ஐஸ்கிரீமோடு திரும்பிய கணவரிடம் அந்த அம்மாள் சொன்னார்: "நீங்க கழட்டினதுலயே சரியாயிடுச்சுங்க. நான் பைப்ப மாட்டிட்டேன்."

"நான் அப்பவே சொல்லல?"

சாப்பாட்டில் சகலையிடம் முழுக் கதையையும் சொன்னார், வாளியைத் தவிர. சகலையும் தம் வீட்டில் தாமே சரிசெய்தவற்றைப் பட்டியலிட்டார். அக்காவும் தங்கையும் சிங்க்கில் தட்டுக் கழுவினார்கள்.

"உன் போன்ல பிளம்பர் பேர் என்னடி?"

"பெரியம்மா. உன்னுதுல?"

"தையல்கார அக்கா."

நாலு வருஷ மௌனம் அந்தச் சிரிப்பில் போயிற்று.

சிரிக்கிறீர்களா ஐயா? நீங்கள் கைவைத்த பொருளெல்லாம் நீங்கள் கடைக்குப் போய்வந்த பிறகுதான் வேலை செய்கிறதா? அடிக்கடி போனில் அழைக்கப்படும் அந்தப் பெரியம்மாவை ஒரு நாளாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?