‘எனக்கு’ என்ற இடத்தில் நின்றுபோன மெயில்

சிங்காநல்லூர்,
கோவை.
14.10.1999

அன்பு மகள் அன்புக்கரசிக்கு, அப்பா காளிச்சாமி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே கம்ப்யூட்டர் ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம். உன் சுகத்தை மெயிலில் கேட்க வழியில்லாமல் போனதால், பழையபடி ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். போன சனிக்கிழமை நான் உன் பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போன் செய்தபோது, “மெயில் பாத்தீங்களாப்பா?” என்று கேட்டாய். “பார்த்தேன் கண்ணு” என்றேன். “அப்பச் சரிங்கப்பா” என்று வைத்துவிட்டாய். நான் பார்த்தது நாலே வரிதான். அந்த நாலு வரியால் இந்தப் பத்து நாள் நான் பட்ட பாட்டைக் கேள்.

எல்லாம் முஜீப் வந்ததிலிருந்து ஆரம்பம். உனக்குத் தெரியும், உக்கடத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாரே, நீ வாங்கிக் கொடுத்த இந்த மெஷினை மாட்டிவிட்டவர். தங்கமான மனிதர். “ஏனுங்கண்ணா, ரெண்டாயிரம் வருசம் பொறந்தா இது நின்னுபோயிருமாமுங்க, உள்ளே இருக்கிறதையெல்லாம் எடுத்துப்போட்டுப் புதுசு ஏத்திரலாமுங்களா?” என்றார். அவ்வளவு மரியாதையாகக் கேட்கும் மனிதரிடம் எப்படி வேண்டாம் என்பது? சரிங்க என்றேன். ஏற்றினார். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. “இனி அதுவே கேக்குமுங்க, நீங்க பதில் சொன்னாப் போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவும் கேட்டது. பழைய விவரங்களை அழிக்கட்டுமா? ஆம். நீ எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டை மறந்துவிடட்டுமா? ஆம். கேட்டதற்கெல்லாம் ஆம் என்றே அழுத்தினேன். முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாமல் இல்லை. படித்து, புரிந்து, அதன் பிறகும் இல்லை என்று அழுத்தக் கை வரவில்லை. முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்றிருந்தது.

மறுநாள் முஜீப் வந்து பாஸ்வேர்டையெல்லாம் திரும்பப் போட்டுக் கொடுத்தார். அப்போதும் தொல்லை தீரவில்லை. மோடம் கீச்சென்று கத்தி லைன் கிடைக்கும் நேரம் பார்த்து உன் அம்மா உள்ரூம் போனை எடுப்பாள். அந்தச் சத்தத்திடம், “ஆருங்க பேசறது? சித்த நிதானமாப் பேசுங்க” என்பாள். லைன் போய்விடும். அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முயன்றால், மெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் கட்டம் வந்து, இணைப்பைத் துண்டிக்கட்டுமா என்று கேட்கும். மறுமுனையில் வேறு யாருக்கோ அவசரம் போலிருக்கிறது, நாம் ஒருத்தரே லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி என்று, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பதுபோல் ஆம் என்று அழுத்திவிடுவேன். இப்படிப் பதினொரு தடவை.

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த நாலு வரி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாய். “அப்பா, கோவிச்சுக்காதீங்க. காங்கேயம் மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்க சரின்னு சொன்னதைப் பத்தி ரெண்டு நாளா யோசிச்சேன். போன்ல கேக்காதீங்க, வார்டன் ரூம்ல எல்லாரும் இருப்பாங்க. எனக்கு” என்பதோடு நின்றுவிட்டது. எனக்குப் பிடித்திருக்கிறதா, எனக்கு வேண்டாமா? நாலு நாள் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அம்மணி. சோறு இறங்கவில்லை. பொறுக்க முடியாமல்தான், நீ வேண்டாமென்று எழுதியும் சனிக்கிழமை போன் செய்தேன். செய்து என்ன, நீ கேட்ட ஒரே கேள்விக்கும் பொய் சொன்னேன். நிச்சயத்துக்கு இருந்ததோ எட்டே நாள்.

மாப்பிள்ளையின் அப்பா, காங்கேயம் பாலுசாமி மாஸ்டர், நம் வீட்டுக்கு வந்தபோது, “கலியாணத்துக்கப்புறம் பொண்ணு பெங்களூர் வேலையை உட்டுறோணுமுங்க, உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?” என்று கேட்டார். அதற்கும் நான்தான் சரிங்க என்றேன். வேலை உன்னுடையது, சரி சொன்னது நான். அன்று அது தப்பாகவே தெரியவில்லை. அந்தப் பாதி மெயிலின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

என் அப்பன் தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டத்துக்காரர் என்ன சொன்னாலும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு “சரிங்க சாமி” என்பார். இல்லை என்று சொன்னால் மறுநாள் வேலை இல்லை, கஞ்சி இல்லை. அவருக்கு வேறு வழி கிடையாது. எனக்கு என்ன கேடு? மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் நாக்கு அதே வார்த்தையைத்தான் சொல்கிறது. ஊரில் காளிச்சாமி நல்ல மனுஷன் என்கிறார்கள். பயந்த மனுஷன் என்று சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

போனில் கேட்ட உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றுக் காலை காங்கேயம் பஸ் ஏறிவிட்டேன். “ஏனுங்க, எங்க கெளம்பறீங்க?” என்றாள் உன் அம்மா. “தேங்காயெண்ணெய் வாங்க” என்றேன். அதுவும் பொய். மாஸ்டர் வீட்டில் போனவுடன் காப்பி, பிறகு முறுக்கு, “சாப்பிட்டுத்தான் போகோணும்” என்று இலை. பாயசம் இரண்டாம் தடவை ஊற்ற வந்தார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பாயசத்தையே மறுக்க முடியாதவன் சம்பந்தத்தை எங்கே மறுக்கப்போகிறான் என்று எனக்கே சிரிப்பு வந்தது. கை கழுவப் போன இடத்தில், கொல்லைக் குழாயைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க.”

மாஸ்டருக்கு முகம் மாறிவிட்டது. “பொண்ணு மாட்டேங்குதுங்களா?” என்றார்.

“தெரியலீங்க. அவளைக் கேக்காமச் சரின்னு சொன்னது நானுங்க. அதைத் திருப்பி வாங்கிக்கத்தான் வந்தனுங்க.”

“ஊரெல்லாம் சொல்லிப்போட்டனுங்களே! பெரிய மனுசன் பேச்சுங்களா இது? உங்களுக்குக் கொஞ்சமாச்சும் ரோசம் இருக்குதுங்களா?” என்று பிடித்துக்கொண்டார். அத்தனை கோபத்திலும் ‘ங்க’ ஒன்றைக்கூட விடவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து திட்டினார். நானும் சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டே வந்தேன். வந்த விஷயத்தை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.

இப்போது நடந்ததைக் கேட்டு உன் அம்மா என்னோடு சண்டைக்கு நிற்கிறாள். அவள் கேட்பதும் நியாயந்தான். நீ மெயிலில் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தால்? நல்ல இடத்தை நானே கெடுத்தவனாகிவிடுவேன். அப்படியானால் என்னை மன்னித்துவிடு கண்ணு. நான் திரும்பவும் காங்கேயம் போய் மாஸ்டரின் காலில் விழத் தயார். உன் உள்ளத்தில் இருப்பதை இரண்டு வரி தபாலில் எழுது.

குளிர் ஆரம்பித்துவிட்டது, ஸ்வெட்டர் போட்டுக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
காளிச்சாமி

பி.கு.: மேலே உள்ளதைக் கவரில் போட்டு ஒட்டும் முன் கடைசியாக ஒரு தடவை மோடத்தைப் போட்டேன். துண்டிக்கட்டுமா என்று அந்தக் கட்டம் வந்தது. இல்லை என்று அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை, மெயில் முழுசாக வந்துவிட்டது. “எனக்கு வேலையை விடப் பிடிக்கலை. ஆனா நீங்க வாக்குக் குடுத்துட்டீங்க. உங்ககிட்ட வேண்டாமுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்கப்பா. அதனால சரின்னே சொல்லிருங்க. அவங்க கேட்ட போட்டோவையும் அனுப்பியிருக்கேன்” என்று இருக்கிறது. போட்டோவையும் பார்த்தேன். பட்டுச் சேலை கட்டி, ஊசி போடக் கூப்பிடப்போகிறார்கள் என்று காத்திருப்பவள்போல் நிற்கிறாய்.

இந்த மெயில் முதல் நாளே ஒழுங்காக வந்திருந்தால், மகளே சம்மதித்துவிட்டாள் என்று தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பேன். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிடு, காலில் விழுவதும் கிடையாது. சரி சொன்னதற்கு மட்டும் மன்னித்தால் போதும். உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். காப்பி கொண்டுவந்து வைத்தாள். அடுத்த ஞாயிறு இரண்டு பேருமாக உன்னைப் பார்க்க வரலாம் என்கிறாள். உனக்குத் தோதுப்படாவிட்டால் ‘வராதீங்க’ என்று எழுது. அவள் கோபித்துக்கொள்வாள், நான் சந்தோஷப்படுவேன்.