நடைவண்டி சாரை யாரும் நடக்க விடவில்லை

காரைக்கால் மாவட்டத்தில் கப்பல் ஓட்டலாம், டிராக்டர் ஓட்டலாம், தெருவுக்கு நடுவில் கிரிக்கெட்கூட ஆடலாம். ஆனால் ஒரு மனிதன் தன் சொந்தக் காலில் நிம்மதியாக நடக்க முடியாது. இதை ஒரு வருஷம் பாடுபட்டு நிரூபித்தவர் எங்கள் தெரு நடைவண்டி சார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்ல மூக்கும் தொண்டையும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும் என்பதால், தெரு அதை முதல் வாரமே கைகழுவிவிட்டு நடைவண்டி என்று வைத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர், பிரான்சில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே கூட வேலை பார்த்த காரைக்கால்காரர் ஒருவரின் வீடு எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்தது. வீட்டுச் சாவியையும் கொஞ்சம் தமிழையும் அந்த நண்பரிடமே வாங்கிக்கொண்டு, ஒரு வருஷ விசாவில் வந்து இறங்கினார்.

"காலம் பூரா உக்காந்துகிட்டே ஊர் சுத்திட்டேன் தம்பி. இனிமே நடக்கணும்" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போதே நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூட கடை வாசலில் மேலும் கீழும் நடந்தபடிதான் குடிப்பார்.

நானோ கடை கடையாகப் போய் பிஸ்கட் ஆர்டர் எடுக்கிறவன். தெருமுனையில் தீப்பெட்டி வாங்கவும் மொபெட்டை உதைக்கிறவன். அப்பேர்ப்பட்ட என்னிடம்தான் அவர் தன் லட்சியத்தைச் சொன்னார். வீட்டிலிருந்து கிளம்பி, திருநள்ளாறு வழியாக அம்பகரத்தூர் வரைக்கும் நடக்க வேண்டும். விசா முடிவதற்குள் நடக்க வேண்டும். இடையில் ஓர் அடிகூட வண்டியில் போகக் கூடாது.

"அங்க என்னா சார் வேலை?"

"ஒண்ணும் இல்லங்க."

"வேலை இல்லாம எதுக்குப் போவணும்?"

"அதுக்குப் பேருதான் நடை."

எனக்குத் தலை சுற்றியது.

முதல் தடவை அவர் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பாய் ஒருவர் காரை நிறுத்திக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "இந்த வெயில்ல நடந்தா மௌத்துதான் சார். ஏசி போட்டுருக்கேன், ஏறுங்க." வேண்டாம் என்று சொன்னதற்கு, "நம்ம கார்னா ஏற மாட்டீங்களா?" என்று பாயின் முகம் வாடிவிட்டது. ஏறிவிட்டார். பாய் அவரை அம்பகரத்தூருக்கும் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய் பிரியாணி போட்டு, சாயங்காலம் தெருவில் திரும்ப இறக்கிவிட்டார்.

அடுத்த தடவை ஒரு பஸ்ஸே நின்றது. ஸ்டாப் இல்லாத இடத்தில், பச்சை வயலுக்கு நடுவில். ஸ்டாப்பில் கை காட்டினாலே நிற்காத பஸ் அது. கண்டக்டர் இறங்கி வந்து, "காசு இல்லன்னா பரவால்ல, வாங்க சார்" என்றார். இன்னொரு நாள் காரைக்கால்மேட்டுப் பக்கம் போகலாமே என்று திசையை மாற்றிப் பார்த்தார். மீன் ஏற்றிப் போன ஆட்டோ அவரையும் ஏற்றிக்கொண்டது. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து போய்விட்டு வந்தவரைத் தெருப் பூனைகள் மூன்று நாள் பின்தொடர்ந்தன.

ஒருமுறை மட்டும், ஒரு பையன் பைக்கில் ஏறச் சொன்னபோது பிடிவாதமாக மறுத்தார். அந்தப் பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "செரி, நீங்க நடங்க, பேச்சுத் துணைக்கு வாரேன்" என்று பைக்கை அவர் வேகத்துக்கு உருட்டிக்கொண்டு கூடவே வந்தான். பிரான்சில் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் பிள்ளைகள் கூட இல்லை, அங்கே இட்லி கிடைக்குமா என்று கேட்டுக் கேட்டே திருநள்ளாற்றில் அவரைத் தளரவைத்துவிட்டான். "தம்பி, பைக்லயே ஏறிக்கிறேன்" என்று அவரே சொல்லும்படி ஆகிவிட்டது.

அப்புறம் தந்திரத்தில் இறங்கினார். கையில் ஒரு ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வண்டி பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்து விட்டுவிடுவார்களாம். மூன்று பேர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து கத்தினார். "ஒரு மனுஷன் சும்மா நடக்கக் கூடாதா? இது என்ன ஊருங்க?" கத்திக்கொண்டே என் கூடத்தில் சுவருக்குச் சுவர் நடந்தார். விசாவில் பாதி ஓடிவிட்டிருந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது.

"சார், நம்ம ஊர்ல ஒரே ஒரு ஆளைத்தான் வண்டியில ஏறச் சொல்ல மாட்டாங்க. பாதயாத்திரை போறவங்கள" என்றேன். அம்பகரத்தூரில் அம்மன் கோவில் வேறு இருக்கிறது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, கழுத்தில் ஒரு மாலை. நானே கட்டிவிட்டேன்.

நடந்தார். ஒருவரும் ஏறச் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தாமலும் இல்லை. வழியெல்லாம் மோர், பானகம், வாழைப்பழம். ஒரு வீட்டில் குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். விழுந்தவர்கள் எழுந்ததும் ஆளுக்கொரு வேண்டுதலைக் கையில் கொடுத்தார்கள். "எம் முட்டிவலி போவணும்னு சொல்லுங்க சாமி." "பையனுக்கு குவைத் விசா வரணும் சாமி." "எங்க மாடு இந்தத் தடவையாவது செனை புடிக்கணும்."

நான் மொபெட்டோடு கோவில் வாசலில் காத்திருந்தேன். வந்து சேர்ந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. நேராகச் சன்னிதிக்குப் போய்க் கண்ணை மூடி, உதட்டை அசைத்தபடி நெடுநேரம் நின்றார். "எனக்கு சாமி நம்பிக்கை இல்ல தம்பி. ஆனா சொல்றேன்னு சொல்லிட்டேனே" என்றார் வெளியே வந்து. மாடு உட்பட ஒன்றையும் விடவில்லையாம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முட்டிவலிக்கார அம்மா அடுத்த வாரம் எழுந்து ரேஷன் கடைக்கு நடந்துபோய்த் தொலைத்தார்.

அவ்வளவுதான். நடைவண்டி சார் வேட்டியை அவிழ்த்து பேன்ட் போட்டுப் பார்த்தார், தொப்பி வைத்துப் பார்த்தார். பயனில்லை. கார்கள் வேகம் குறைத்தன, பைக்குகள் ஒதுங்கின, எல்லோரும் ஒரு கையால் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த பாய்கூட கண்ணாடியை இறக்கி மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். சம்பளம் எவ்வளவு என்று கேட்க ஆளில்லை. அவர் மண்டபத்தூர் வரைக்கும் நடந்தார், இன்னும் எங்கெங்கோ நடந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு மாதத்தில் ஆளே இளைத்துப்போனார்.

நான் டீக்கடையில் சொல்லிப் பார்த்தேன். "அவரு சாமியாரு இல்லங்க. யாத்திரையும் முடிஞ்சிருச்சு."

"அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ளது. நீ ஏன் நடுவுல பூர்றே? பிஸ்கட் விக்கிற வேலையப் பாரு" என்றார் கடைக்காரர்.

விசா முடிய ஒரு வாரம் இருக்கும். திருநள்ளாறு ரோட்டில் ஆர்டர் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் நடைவண்டி சார் ஒரு வாடகை சைக்கிளோடு நின்றார். பஞ்சராகிவிட்டதோ என்று நினைத்து வேகம் கூட்டினேன். அதற்குள் அவர் ரோட்டின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, டயரிலிருந்த காற்றைத் தானே பிடுங்கிவிட்டார். நான் வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன்.

சைக்கிளோடு நிற்கிறவர் யாருக்கும் சாமியாகத் தெரியவில்லை. முதலில் ஒரு பைக் நின்றது. அப்புறம் ஒரு டிராக்டர். "என்னா சார், காத்து போயிருச்சா?" "எந்த ஊர் சார் நீங்க?" "பிள்ளைங்க எத்தன?" அவர் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் பேசாத மனுஷன் பேசுகிற பேச்சு அது. காலை மாற்றாமல் ஒரே இடத்தில் நின்று அவர் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் ஊருக்குப் போகப்போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பஞ்சர் கடைக்காரரை அனுப்புகிறோம் என்று அவர்கள் கிளம்பிய பிறகு, நான் மெல்ல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பஞ்சரா சார்?"

என் கண்ணைப் பார்த்தார். "பஞ்சர்தான் தம்பி" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

பின்னால் ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். எனக்குச் சம்பளம் எவ்வளவு, பெண்ணுக்கு வரன் பார்க்கிறேனா என்றெல்லாம் வழிநெடுகக் கேட்டார். நான் வேண்டுமென்றே ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன்.