நாற்பது பேரும் சும்மா இருக்கிறார்கள்

பிள்ளைகளா, யார் வந்து "என்ன செய்றீங்க?" என்று கேட்டாலும், உங்கள் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே "சும்மாதான் இருக்கேன்" என்பது ஏன் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் பேப்பருக்குள் முகத்தை ஒளித்திருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் பம்பாய் தாராவியில் நமக்கு ஒற்றை அறை. நான் வேலை பார்த்த பட்டறை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போது செம்பூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்கார மேடம் வந்தார், தமிழ்க்காரர். சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள பெண்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டதாம். பட்டியலிலேயே இல்லாமல் உழைப்பவர்களை இனிமேல்தான் எண்ண வேண்டுமாம். நம் சந்தில் நாற்பது வீடு, நாற்பது படிவம்; வீடு வீடாகக் கேட்டு நிரப்புவது என் பொறுப்பு. ஒழுங்காகச் செய்தால் அவர் ஆபீசிலேயே எனக்கு நிரந்தர வேலை. (எட்டாம் வகுப்புக்காரனுக்கு ஆபீஸ் நாற்காலி! அதில் சாய்ந்து உட்கார, நம் அரிசி டின்மேல் பழகவே ஆரம்பித்துவிட்டேன்.)

முதல் கேள்வி கணவர் பெயர். அங்கேயே வண்டி நின்றது. நம் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வார்களா? முதல் வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். இரண்டாம் வீட்டில், "அவுகளையே கேளுங்க" என்றார்கள். சரி என்று ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். எல்லா 'அவுக'ளும் அங்கேதான் இருந்தார்கள்.

"வீட்டம்மாவுக்கு என்ன வேலை?"

"அவளுக்கு என்னவே வேலை? சும்மாதான் இருக்கா. எழுதிக்கிடும்."

இரண்டு டீக்குள் முப்பத்தொன்பது படிவம் முடிந்தது. நாற்பதாவது நம் வீடு. அதிலும் அழகான கையெழுத்தில் எழுதினேன்: வேலை இல்லை.

மறுநாள் மேடம் புரட்டிப் பார்த்தார். "நாற்பது பேருமேவா? வாங்க, ஒரு நடை போய்ட்டு வரலாம்."

முதல் வாசலில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார்கள். அடுத்ததில் தோல் பைக்குப் பசை தடவினார்கள். அதற்கடுத்து அப்பளம் காய்ந்தது. மேடம் தாண்டிப் போனார். (நான் மிதித்தேன்.) கடைசியில் நம் வீடு. கழுத்தளவு சட்டைக் குவியலுக்கு நடுவே உங்கள் அம்மா, கையில் கத்தரி. ஏற்றுமதிச் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் வேலை. மூன்று மாதமாக நம் அடுப்பு எரிந்தது அந்தக் கத்தரியால்தான். எனக்குத் தெரியாதா? தெரியும். அது வேலை என்றுதான் தோன்றவில்லை.

"என்னம்மா செய்றீங்க?" என்றார் மேடம்.

அம்மா அவர் கையிலிருந்த படிவத்தை எட்டிப் படித்தாள்.

"அதான் எழுதியிருக்காகளே, சும்மாதான் இருக்கேன். உக்காருங்கம்மா. ஏங்க, அந்தச் சட்டையக் கொஞ்சம் தள்ளி வைங்க. வேலை பாக்குற மனுசன் நீங்க ஒருத்தர்தான இருக்கீக."

மேடம் என்னைத் திட்டவில்லை. புதுப் படிவங்களை எடுத்து அம்மா கையில் கொடுத்தார், அவ்வளவுதான். புருஷன் பெயர் விஷயத்தை அம்மா ஐந்தே நிமிடத்தில் தீர்த்தாள்: ஒவ்வொருத்தி புருஷன் பெயரையும் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள்.

நாற்காலி போயிற்று. அன்று மத்தியானம் அவர்கள் இருவரும் வீடு வீடாகப் போயிருந்தபோது, நான் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரியை எடுத்தேன். ஒரு சட்டைக்கு அரை மணி நேரம். இரண்டாவதில் நூலோடு பட்டனும் வந்துவிட்டது. அதைத் தைத்து, மடித்து, அவள் முடித்து வைத்திருந்த அடுக்கின் அடியில் செருகினேன்.